கையால் வரைந்த கார்

ஆறு அறைகளுக்கு மூன்று கார்கள் நிற்க இடம் வேண்டும் என்று நகராட்சியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் கார் இருந்ததில்லை. அப்பாவுக்கு சைக்கிள். அம்மாவுக்கு அந்த சைக்கிளின் பின்சீட்டு. எனக்கும் அக்காவுக்கும் பஸ்.

"கார் இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க கார் நிறுத்த இடம்?" என்று அக்கா கவுண்டரில் கேட்டாள்.

"வீடு இனிமே வீடு இல்லையேம்மா. ரூம் ரூமா வாடகைக்கு விடப் போறீங்க. வர்றவங்க கார்ல வந்தா?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

"நடந்து வந்தா?"

"நடந்து வர்றவங்களும் ஒருநாள் கார் வாங்குவாங்க. விதி இன்னைக்கு இருக்கற காரை மட்டும் பாக்கறது இல்ல. வரப்போற காருக்கும் சேர்த்துதான்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வீட்டில் பாதி எங்களுடையது, பாதி சித்தப்பாவுடையது. அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போன பிறகு சித்தப்பா போனில் தெளிவாகப் பேசிவிட்டார். ஆறு அறைகளுக்கும் அனுமதி வாங்கினால் வீடு இருக்கட்டும், அவர் பங்கு வாடகை அவருக்கு வந்தால் போதும். இல்லையென்றால் விற்றுப் பிரித்துக்கொள்ளலாம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் முழங்கால் வலி, அவர் பிள்ளைகளுக்கும் படிப்பு. எனக்கு எப்படியானாலும் சரிதான். நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், எந்த ஊரிலும் ஆட்களுக்குக் கண் மங்கும். அக்காதான் பிடிவாதமாக இருந்தாள். கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு அவள் திரும்பி வந்த அன்று, மாடிக் கோடியில் இருக்கும் தன் பழைய அறைக் கதவைச் சாத்தும் முன் என்னிடம் சொன்னாள்: "இனிமே இந்த வீட்டை விட்டு என்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகக்கூடாதுடா. நீயும்தான்."

ஆகவே அனுமதி வாங்கியே ஆகவேண்டும். வரைபடம் போடுகிறவரைத் தேடிப் போனோம். அவரை எல்லோரும் 'கோடு' என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் போனை எடுத்தால் "கோடு பேசறேன்" என்றே ஆரம்பிப்பார். ஒல்லியாக, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற மனிதர். 'அப்படியே பேர்தான்' என்று அக்கா என் காதில் சொன்னாள்.

கோடு வந்து வீட்டை அளந்தார். உள்ளே அவருக்கு அதிக வேலை இருக்கவில்லை. கீழே மூன்று அறைகள், மாடியில் மூன்று. நாங்கள் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு நாலை வாடகைக்கு விடுவதாகச் சொன்னோம். "நீங்க இருந்தாலும் ரூம் ரூம்தான், கணக்குல வரும்," என்றார். என் அறை ஐந்து, அக்காவுடையது ஆறு. பிறகு வெளியே வந்து நாடாவைப் பிடித்தார். கேட்டுக்கு உள்ளே முன்பக்கம் இரண்டு கார்கள் தாராளமாக நிற்கும். மூன்றாவதற்கு இருந்த ஒரே இடம் பின்பக்கம், சமையலறைச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில். அங்கே அவர் இரண்டு தடவை அளந்தார்.

"தொட்டிய இடிச்சா வரும்," என்றார்.

"இடிச்சா ஆறு ரூமுக்கும் தண்ணி?"

"வராது."

"அப்புறம்?"

"அதான்," என்று சொல்லிவிட்டு தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அவரிடம் பிளாஸ்டிக்கில் ஒரு அச்சு இருந்தது. மேலிருந்து பார்த்தால் கார் எப்படித் தெரியுமோ அந்த வடிவத்தில் நடுவில் ஓட்டை. வரைபடத்தில் கார் இடம் காட்டும்போதெல்லாம் அந்த அச்சை வைத்து ஒரு சுற்று இழுத்துவிடுவாராம். எல்லா வரைபடக்காரர்களும் அப்படித்தான் செய்வார்களாம். ஊரில் உள்ள எல்லாக் கட்டடங்களின் வரைபடத்திலும் ஒரே கார் நிற்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது இடத்தின் மேல் அந்த அச்சை வைத்தால் கார் தொட்டிக்குள் ஏறி நின்றது.

"ஒரு வழி இருக்கு," என்றார் கோடு. "இடம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல, குறிப்பிட்ட ஒரு வண்டி அதுல வந்து நின்னு, கதவத் திறந்து ஆள் எறங்க முடியும்னு காட்டினா ஒத்துக்கலாம்னு விதியிலயே ஒரு வரி உண்டு. அந்த மாதிரி சின்ன வண்டி ஒண்ணு வேணும்."

"எங்ககிட்ட ஏது வண்டி?"

"வரைஞ்சா இருக்கும்."

அவர் அச்சை மடியில் வைத்துவிட்டு, ஒரு பென்சிலை எடுத்துக் கையாலேயே வரைய ஆரம்பித்தார். பல வருஷங்களாக அச்சை வைத்தே இழுத்த கை அது. முதலில் தயங்கியது, பிறகு அதற்கே சுவாரசியம் வந்துவிட்டது போலிருந்தது. சும்மா ஒரு பெட்டியைப் போட்டிருக்கலாம். அவர் பானெட்டின் வளைவைப் போட்டார், வைப்பர் போட்டார். அக்காவிடம் கேள்வி கேட்டார். அக்காவும் கார் வாங்கப் போனவள் மாதிரி பதில் சொன்னாள்.

"ஓட்டறவங்க உயரமா, குள்ளமா?"

"என் உயரம்னு வச்சுக்கங்க."

"அப்போ சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிடறேன்."

"சுவர்ப்பக்கம் கண்ணாடிய மடக்கி வையுங்க. உரசும்."

"பாத்தீங்களா, வண்டி வாங்காமயே ஓட்டத் தெரிஞ்சிருக்கு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார் கோடு. "கலர்?"

"வரைபடத்துல கலர் தெரியுமா?"

"தெரியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சா நல்லா வரும்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "பழுத்த இலை கலர்," என்றாள்.

இந்த அளவில் எந்தக் கம்பெனியும் கார் செய்வதில்லையே என்று நான் கேட்டேன். விதியில் கம்பெனி பற்றி ஒன்றும் இல்லை என்றார் கோடு.

அனுமதி வந்தது. 'மூன்றாவது இடம், வரைபடத்தில் காட்டப்பட்டுள்ள வண்டிக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அதுவும் தற்காலிக அனுமதிதான். அறைகளில் ஆட்கள் குடிவந்த பிறகு ஆய்வாளர் வந்து பார்த்து, கார் இடங்கள் கார் இடங்களாகவே இருக்கின்றனவா என்று உறுதி செய்தால்தான் நிரந்தரம். நிறைய பேர் அனுமதி வாங்கியதும் அங்கே பழைய கட்டிலைப் போட்டுவிடுகிறார்களாம். அக்கா சிமெண்டுத் தரையில் வெள்ளைப் பெயிண்டால் மூன்று கட்டங்கள் போட்டு, உள்ளே அறை எண்களை எழுதினாள். 1, 2. 3, 4. மூன்றாவதில் 5, 6.

பெயிண்ட் காய்ந்த வாரத்தில் மழை பெய்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கம் போனேன். தரை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. மூன்றாவது கட்டத்துக்குள் மட்டும் ஒரு நீள்சதுரம் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஓரங்கள் சற்று வளைந்த நீள்சதுரம். கார் ஒன்று இரவெல்லாம் நின்றுவிட்டுப் போனால் தரை எப்படி இருக்குமோ அப்படி. போனால் என்று சொல்வதும் தப்பு. மழை இன்னும் தூறிக்கொண்டுதான் இருந்தது, அந்த இடம் இன்னும் நனையவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"சமையலறை சன்ஷேடு மறைக்குது," என்றாள்.

"சன்ஷேடு இவ்வளவு நீளமாவா இருக்கு?"

"நீதானே கண்ணாடிக் கடை. உன் கண்ணை முதல்ல பாத்துக்க."

ஆனால் அவள் உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று மதில் மேலிருந்து குதித்து, ஈரத்தில் காலை உதறிக்கொண்டு ஓடிவந்து, அந்தக் காய்ந்த இடத்துக்குள் புகுந்து சுருண்டு படுத்தது. அதன் முதுகில் ஒரு துளி விழவில்லை.

அறைகள் நிறைய ஆரம்பித்தன. முதலில் வந்தது ஒரு நர்ஸ். அவளிடம் கார் இருந்தது, முன்பக்கம் நிறுத்தினாள். பிறகு லிஃப்ட் பழுது பார்க்கிறவர் ஒருவர், ஸ்கூட்டரோடு. மீதி இரண்டு அறைகளுக்கு மருந்துக் கம்பெனி விற்பனைக்காரர்கள், ஆபீஸ் கார் ஒன்றில் சேர்ந்து வருகிறவர்கள், வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார்கள். வீடு மாறியது. குளியலறைக்குக் காத்திருக்கப் பழகினோம். குளிர்பெட்டியில் அவரவர் பால் பாக்கெட்டில் அவரவர் அறை எண். செருப்பு வரிசை. மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரியும்.

ஒருநாள் காலை, வேலை முடிந்து வந்த நர்ஸ் கண்களைக் கசக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "உங்க பின்பக்கத்து வண்டிக்காரங்ககிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன். குழாய்க்குப் போக வழியே இல்ல, இடுப்புல இடிக்குது."

"எந்த வண்டி?"

"அந்தச் சின்ன வண்டி..." என்று கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வெறும் சிமெண்டுத் தரை, வெள்ளைக் கோடுகள், 5, 6. "தூக்கமே இல்லைங்க எனக்கு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

லிஃப்ட்காரர் ஸ்கூட்டரைத் தெருவில் விடுவதைப் பார்த்து, பின்பக்கம் விடலாமே என்று கேட்டேன்.

"விட்டுப் பாத்தேன் தம்பி. இடம் இல்ல."

"காலியாத்தானே இருக்கு."

"ஆமா, காலியாத்தான் இருக்கு. ஆனா இடம் இல்ல." அவர் அதற்கு மேல் விளக்கவில்லை. மாட்டிக்கொண்ட லிஃப்டுகளுக்குள் நிறைய நேரம் இருந்தவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்.

இறுதி ஆய்வுக்கு ஆய்வாளர் ஒரு மதியம் வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் கோப்பு, இடுப்பில் இரும்பு நாடா. அறைகளைப் பார்த்தார், ஜன்னல்களைத் திறந்து மூடினார். அக்கா கூடவே நடந்தாள். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இந்த மனிதர் ஒரு கையெழுத்துப் போட்டால் வீடு இருக்கும், போடாவிட்டால் சித்தப்பா தரகரைக் கூப்பிடுவார்.

முன்பக்கத்து இரண்டு இடங்களிலும் கார்கள் நின்றன. தலையசைத்தார். பின்பக்கம் வந்தோம். மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தது, வெயிலில். ஆய்வாளர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கட்டத்தின் அருகே வந்ததும், சுவருக்கும் அந்த வெற்றிடத்துக்கும் நடுவே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தார். அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, தொட்டிப் பக்கமாக நடந்து வந்தார். ஒரு தடவைகூட வெள்ளைக் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை.

"சரிதான். படத்துல இருக்கற அதே வண்டி," என்றார். "கண்ணாடியக்கூட மடக்கி விட்டிருக்கீங்க. எல்லாருக்கும் இந்த பொறுப்பு வர்றதில்ல."

அக்கா சுருட்டிக்கொண்டிருந்த தலைப்பை விட்டுவிட்டாள்.

அவர் கையிலிருந்த கோப்பை விரித்து, தன் இடுப்புக்குச் சற்று மேலே, கட்டத்துக்குள் வைத்தார். பேனாவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது அவருக்கு. கோப்பு விழவில்லை. காற்றில் படுத்துக் கிடந்தது, ஒரு முனை லேசாகச் சரிந்து, பானெட்டின் வளைவில் சரிவது போல. அவர் அதன் மேல் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"மூணாவது வண்டி யாரோடது?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"இங்க குடியிருக்கறவங்களோடதா இருக்கணும்," என்றார் நிமிராமல். "வெளியாள் வண்டின்னா இடத்தை மறிச்சதா அர்த்தம், அனுமதி போயிடும். அஞ்சா, ஆறா?"

யாருடையதும் இல்லை என்று சொன்னால் என்னவாகும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு காக்கை தொட்டி மேல் வந்து உட்கார்ந்தது.

"ஆறு," என்றாள் அக்கா. "என்னோடது."

அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு போனார். அக்கா அந்தத் தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கூச்சத்தோடு யாரோ புதியவரைத் தொடுவது போல், கையை நீட்டினாள். கை ஓரிடத்தில் நின்றது.

"சூடா இருக்குடா," என்றாள். "வெயில்ல நின்னு."

அடுத்த மழைநாளில்தான் அவளை அதில் பார்த்தேன். காலை வெளிச்சம், நல்ல மழை. ஜன்னலைச் சாத்தப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா கட்டத்துக்குள், தரையிலிருந்து நாற்காலி உயரத்தில், உட்கார்ந்திருந்தாள். கால்கள் முன்னே நீண்டிருந்தன. கைகள் எதையோ வட்டமாகப் பிடித்திருந்தன. அவள் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மழை நின்று, தெறித்து, பக்கங்களில் வழிந்தது. தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில் ராட்டினத்தில் ஏறியவர்கள் கீழே நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு அவள் பின்னோக்கி நகர்ந்து, வீட்டைச் சுற்றி, கேட்டைத் தாண்டிப் போனாள். மழை அந்தக் கட்டத்துக்குள் கொட்டி, நிமிஷத்தில் அதைக் கறுப்பாக்கியது.

சாயங்காலம் வந்தாள். செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் எங்குமே செம்மண் கிடையாது.

"எங்க போன?"

"ரோடு இருந்துது, போனேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே அக்கா."

"தெரியுதே. சீட்டு சரியா என் உயரத்துக்கு இருக்கு."

"உன்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகக்கூடாதுன்னு சொன்னவ நீ."

"யாரும் கூட்டிட்டுப் போகலையே. நான்தானே ஓட்டறேன்." அவள் செருப்பைச் சுரண்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "பாதி வழி வரைக்கும் நான்தான் ஓட்டறேன்."

அதன் பிறகு அவள் போகாத நாள் குறைவு. பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியது அவளுக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வர வர நேரமாகியது. வந்தாலும் முழுதாக வந்தமாதிரி இல்லை. எப்போதும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள், இப்போது அவள் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போனாள். குளிர்பெட்டியில் இருந்த எங்கள் பால் பாக்கெட் இரண்டாகப் பிரிந்தது, ஒன்றில் 5, ஒன்றில் 6, அவள் கையெழுத்தில். ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டினாள். பிறந்ததிலிருந்து தட்டாமல் உள்ளே வருகிறவள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்றாள். "குளியலறை பல்பு போயிடுச்சு. வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடறீங்களா?"

"வீட்டுக்காரங்க நாமதான் அக்கா."

அவள் சிரித்தாள். நான் ஏதோ ஜோக் சொன்னதாக நினைத்துக்கொண்ட சிரிப்பு, மரியாதைக்குச் சிரிப்பது. "சரிங்க அஞ்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் படியில் சத்தம் கேட்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரு காலடிச் சத்தம் இருந்தது, அவளுக்கு மட்டும் இல்லாமல் போயிருந்தது.

நான் கோட்டின் வீட்டுக்குப் போனேன். அவர் பலகைக்கு முன்னால், சாய்ந்து, யாருடைய மாடியையோ வரைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சங்கடப்படத்தான் செய்தார், தைத்துக் கொடுத்த சட்டை பிடிக்கவில்லை என்று கேட்கிற தையல்காரர் மாதிரி.

"கொஞ்சம் அதிகமாவே நல்லா வந்துடுச்சு அது," என்றார். "அப்பவே நினைச்சேன். அச்சுல போட்டது எதுவும் வந்து நின்னதில்ல."

"அழிச்சிடுங்க."

"அழிக்கலாம். அசல் தாள் என்கிட்டதான் இருக்கு. மத்ததெல்லாம் இதோட நகல்." அலமாரியிலிருந்து சுருளை எடுத்து விரித்தார். மெல்லிய கண்ணாடித்தாள், அதில், பென்சிலில் போட்டதன் மேல் கறுப்பு மை இழுத்து, எங்கள் வீடு. மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன்.

"வெளிய போயிருக்கு," என்றார் கோடு. மையில் எழுதியது எப்படி வெளியே போகும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சவர பிளேடை எடுத்து, ஒரு தாளில் மடித்து, சுருளோடு சேர்த்து என் கையில் வைத்தார். "மையை ரப்பர் அழிக்காது. இதால மெதுவா சுரண்டணும். ஆனா வண்டி வந்து நின்னப்புறம் சுரண்டுங்க, நின்னு, உங்க அக்கா எறங்கினப்புறம். வெளிய இருக்கறப்போ இடத்தை எதாவது பண்ணிட்டீங்கன்னா, அது திரும்பி வந்து எங்க நிக்கும்?"

"அக்கா?"

"அவங்களும்தான் எங்க வந்து நிப்பாங்க?" பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே, "அனுமதி நாலு ரூமா குறையும். அது உங்க பாடு," என்றார்.

மறுநாள் கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். தாளை ஒரு பலகையில் விரித்து மடியில் வைத்திருந்தேன். தூறல். நர்ஸ் ஒருமுறை வந்து பார்த்து, படம் போடறீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள். விற்பனைக்காரர்கள் வெளியூரில் இருந்தார்கள். பொழுது சாயும் முன், தாளில் மை ஊறுவது போல மூன்றாவது கட்டத்துக்குள் கோடுகள் வந்தன. முதலில் பானெட், பிறகு வைப்பர், மடக்கிய கண்ணாடி. நிமிர்ந்தேன். தூறல் கட்டத்தின் மேலே நின்று தெறித்துக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். களைத்திருந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"எறங்கு அக்கா."

அவள் என் மடியைப் பார்த்தாள். பிளேடைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. 'அஞ்சு' இல்லை, நான்.

"அதைச் சுரண்டினா?"

"வண்டி போயிடும். நீ இங்கயே இருப்ப."

"இங்கன்னா எங்கடா? நாலு ரூமுக்குச் சித்தப்பா ஒத்துக்க மாட்டார்."

"விக்கட்டும். நாம எங்கயாவது ரெண்டு பேரும் இருந்துக்கலாம். ஒரு ரூம் போதும்."

"யாரோட வீட்டுலயோ."

"ஆமா. யாரோட வீட்டுலயோ."

அவள் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். சமையலறைச் சுவர், கீழ் ஜன்னல், அதில் லிஃப்ட்காரர் காயப்போட்ட சட்டை, மாடிக் கோடியில் அவளுடைய அறை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் கை பக்கவாட்டில் போனது, கதவின் பிடிக்கு. கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் பிளேடைத் தாளில் வைத்தேன்.

"அழுத்திப் பிடிக்கற நீ," என்றாள் அக்கா. "தாளைக் கிழிச்சிடப் போற. தள்ளி வை அதை."

"நீ எறங்கு, தள்ளி வைக்கறேன்."

"ஒரே ஒரு சுத்து. போயிட்டு வந்து சொல்றேன். யோசிக்க வேண்டாமாடா?"

"அக்கா, வேண்டாம்."

"வீடு இருக்கணும்டா," என்றாள். கெஞ்சவில்லை, என்னைச் சமாதானப்படுத்தும் குரலில்தான் சொன்னாள், சின்ன வயதில் ஊசி போடும்போது சொல்வது போல. "நான் வந்து போயிட்டு இருந்தாலும் வீடு இருக்கணும்ல."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் பின்னோக்கி நகர்ந்தாள். என் மடியில் இருந்த தாளில் கட்டம் மெல்ல வெளுத்தது. நான் பிளேடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், தெரியாமல்கூட ஒரு கோட்டில் பட்டுவிடாமல்.

இப்போது அந்தத் தாள் என் பெட்டிக்கு மேல், கண்ணாடிக்கு அடியில், நசுங்காமல் இருக்கிறது. காலையில் ஒருமுறை, வேலையிலிருந்து வந்ததும் ஒருமுறை பார்க்கிறேன். சுரண்டுவதற்காக அல்ல. அன்றைக்குப் பிறகு இன்னும் ஒரு தடவையும் அந்தக் கட்டத்தில் எதுவும் வந்து நிற்கவில்லை. கீழே சிமெண்டுத் தரை மழையில் ஒரேபோல நனைகிறது.

போன வாரம் நர்ஸ் தன் ஆஸ்பத்திரித் தோழிக்கு அறை கேட்டாள். "ஆறு எப்பவும் பூட்டியே இருக்கே. அங்க ஆள் இருக்காங்களா? நான் பாத்ததே இல்ல," என்றாள். அக்காவின் கையால் சாவி வாங்கியவள்தான் அவள். தோழியிடம் சின்ன வண்டி ஒன்று இருக்கிறதாம், பின்பக்கம் அடங்கிவிடுமாம். பிறகு சொல்கிறேன் என்றேன்.

இன்று சித்தப்பா பேசினார். குரலில் நல்ல உற்சாகம். "வாடகை எல்லாம் ஒழுங்கா வருதுடா. தரகனை இனிமே வராதேன்னு சொல்லிட்டேன். வீட்டை விக்கற பேச்சே இல்ல, என் காலம் வரைக்கும். உங்க அக்காகிட்ட சொல்லு, நிம்மதியா இருக்கட்டும். போனை அவகிட்ட குடேன், நானே சொல்றேன்."

"வெளிய போயிருக்கா சித்தப்பா."

"இந்நேரத்துக்கா? எப்போ வருவா?"

"சொல்லிட்டுப் போகல."

"வந்ததும் பேசச் சொல்லு."

"சொல்றேன்," என்றேன். போனை வைத்துவிட்டு, தோழிக்கு இங்கே அறை இல்லை என்று நர்சிடம் சொல்வதற்காக மாடி ஏறினேன்.